மாமனாரின் எதிராளி

"டப்" என்று ஒரு சத்தம். தொடர்ந்து மாமனாரின் கம்ப்யூட்டருக்குப் பின்புறமிருந்து ஒரு நூல் புகை கிளம்பி, வளைந்து நெளிந்து மேலே போய், மின்விசிறியில் சிக்கி அறை முழுக்கப் பரவியது.

மாப்பிள்ளை கையில் ப்ளோயருடன் அப்படியே நின்றான்.

"என்னங்க சத்தம்?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல, ஜன்னல் சாத்திக்கிச்சு."

"ஜன்னல் சாத்தினா கருகுற வாடை வருமா?"

இதற்குப் பதில் யோசிப்பதற்குள் அவளே வந்துவிட்டாள். புகையைப் பார்த்தாள். ப்ளோயரைப் பார்த்தாள். கடைசியாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அப்பாவோடதா?"

"தூசி தட்டலாம்னு..."

"ரூமைத்தானே சுத்தம் பண்ணச் சொன்னேன்?"

"கம்ப்யூட்டரும் ரூமுக்குள்ளதானே இருக்கு?"

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறைக்குள் போய்த் தூசி ஊதுவதற்கென்று அந்த ப்ளோயரை வைத்திருந்தான். அது ஊதினால் எதிரே நிற்கிற பூனை இடம் மாறிவிடும். கல்யாணம் ஆனதிலிருந்து மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்தான். "நான் ஒண்ணும் வீட்டோட மாப்பிள்ளை இல்ல, மாடியோட மாப்பிள்ளை" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வான். மாடிக்குத் தண்ணீர், மின்சாரம், சாப்பாடு எல்லாம் கீழேயிருந்துதான் வந்தன என்பதை மட்டும் சொல்லமாட்டான்.

மாமனார் ஓய்வுபெற்ற நில அளவையாளர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். வேலையில் இருந்த காலத்தில் ஆசை ஆசையாக வாங்கியது அந்தக் கம்ப்யூட்டர். சூட்கேஸ் போலப் படுத்துக் கிடக்கும் ஒரு பெட்டி. அதன் தலைமேல் தொட்டி மாதிரி கனத்த ஒரு மானிட்டர். வாங்கும்போது வெள்ளையாக இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது பழுத்த இலை நிறத்துக்கு வந்திருந்தது.

அதில் அவர் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். செஸ் ஆடுவார். மதியம் சாப்பிட்டதும் சுவிட்சைப் போடுவார். பெட்டி முக்கி முனகி எழுந்திருப்பதற்குள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, முகம் கழுவி, வந்து உட்காருவார். பிறகு கதவு சாத்தப்படும். ஆட்ட நேரத்தில் யாரும் உள்ளே போகக் கூடாது. மாமியார் மட்டும், அந்த அறையில்தான் காற்று வருகிறதென்று, கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் கதவு திறக்கும். மாமனார் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வருவார்.

"இன்னிக்கும் மண்ணைக் கவ்விடுச்சு!"

எப்போதாவது தோற்பார். அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூங்கமாட்டார். மற்றபடி, நடைப்பயிற்சிக்கு வரும் அத்தனை பேருக்கும் அவர் "மெஷினை ஜெயிக்கிற மனுஷன்." வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பதவி அது.

இப்போது கண்புரை ஆபரேஷனுக்காக வெளியூர் போயிருந்தார். மாமியாரும் துணைக்குப் போயிருந்தார். கண்ணுக்குத் தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னதால்தான் இந்தச் சுத்தம் செய்கிற ஏற்பாடே. நாளை மறுநாள் வருகிறார்கள்.

"அப்பாகிட்ட சொல்லிடலாம்" என்றாள் மனைவி.

"ஆபரேஷன் முடிஞ்சு கண்ணைத் திறந்து முதல்ல இதையா பார்க்கணும்?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

---

பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரை எல்லோரும் ஸ்க்ரூ அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வாயில் எப்போதும் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கடித்துக்கொண்டேதான் பேசுவார். ஸ்க்ரூவை வெளியே எடுத்துவிட்டார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்ததும் ஸ்க்ரூக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, இதுல இருந்த தூசியெல்லாம் எங்க?"

"ஊதிட்டேன் அண்ணே."

"அந்தத் தூசிதான் தம்பி இத்தனை வருஷமா எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சு வெச்சிருந்துச்சு. பவர் சப்ளை போயிடுச்சு. சும்மா போகல, போகும்போது போர்டையும் கூட்டிட்டுப் போயிடுச்சு."

"இதே மாதிரி பழைய போர்டு ஒண்ணு கிடைக்காதா?"

"டைனோசருக்குப் பல் வலின்னா, பக்கத்து டைனோசர் பல்லைப் பிடுங்கி வைக்கலாம். பக்கத்துல யாராவது இருக்கணுமே?"

மாப்பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்துவிட்டது. பழைய ஹார்டு டிஸ்கை மட்டும் தனியே கழற்றி ஒரு வயரில் மாட்டினார். அது இருமியது, கரகரத்தது, கடைசியில் சுற்றத் தொடங்கியது.

"உயிர் இருக்கு. அந்த செஸ் ஆட்டமும் அப்படியே இருக்கு. ஒண்ணு பண்ணலாம். வெளிய பெட்டி பழசு, உள்ள சாமான் புதுசு. பழைய மெஷின் மாதிரியே நடிக்கிறதுக்கு ஒரு புரோகிராம் இருக்கு, அதைப் போட்டுடுறேன். தான் வேற வீட்டுக்குக் குடி வந்துட்டோம்கிறதே அந்த ஆட்டத்துக்குத் தெரியாது."

"எங்க மாமனாருக்கு?"

"அது உங்க சாமர்த்தியம்."

உள்ளங்கை அகலத்தில் ஒரு புதிய போர்டு வந்தது. அந்தப் பெரிய பெட்டிக்குள் அதைத் திருகியதும், கல்யாண மண்டபத்தில் ஒற்றை ஆள் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. மானிட்டரின் பழைய படக்குழாயை ஸ்க்ரூ அண்ணன் பக்குவமாகக் கழற்றி எடுத்துவிட்டு, அந்தக் கூட்டுக்குள் மெல்லிய புதிய திரை ஒன்றைப் பொருத்தினார். சுவிட்சைப் போட்டதும் கண் இமைப்பதற்குள் சதுரங்கக் கட்டம் வந்து நின்றது.

"அப்பாடா!" என்றான் மாப்பிள்ளை.

அந்த நிம்மதி வீட்டு வாசல் வரைக்கும்தான் வந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்க வேண்டிய பெட்டியை அவன் ஒரு கையில் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்த மனைவி, "இது என்ன, காத்து போன தலையணை மாதிரி வருது? அப்பா வாராவாரம் இதை நகர்த்தி மேஜையைத் துடைப்பாரு. தொட்ட உடனே தெரிஞ்சிடும்" என்றாள்.

எடை ஏற்றுவது லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பெரிய விஷயமா? லிஃப்டுக்கு எதிர்எடையாகத் தொங்கும் இரும்புப் பாளங்களில் ஒரு துண்டைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்து இறுக்கினான். மேஜையில் வைத்ததும் மேஜை "ஐயோ" என்கிற மாதிரி கிரீச்சிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாளத்தைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்தான். மேஜை ஒருவழியாகச் சமாதானமானது.

"சத்தம்?" என்றாள் மனைவி.

"என்ன சத்தம்?"

"அதுதான், சத்தமே இல்லையே. பழசு எப்படிக் கத்தும்? 'க்ர்ர்ர்... டிக்டிக்டிக்... க்ர்ர்ர்...' அந்தச் சத்தம் கேட்டாத்தான் அப்பாவுக்கு அது யோசிக்குதுன்னே நம்பிக்கை வரும்."

லிஃப்டுக்குள் மாட்டுகிற சின்ன மின்விசிறி ஒன்றைப் பொருத்திப் பார்த்தான். சத்தம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் எந்த நிமிடமும் பெட்டியின் கதவு திறந்து யாரோ இறங்கி வரப் போகிற மாதிரி இருந்தது. மறுபடி ஸ்க்ரூ அண்ணனிடம் ஓடினான்.

"பழைய ஹார்டு டிஸ்குக்குக் கரண்ட் மட்டும் குடுத்து உள்ளயே விட்டுடுங்க தம்பி. ஒரு வேலையும் செய்யாது. சத்தம் மட்டும் போட்டுட்டு இருக்கும்."

"அப்படிக்கூட முடியுமா அண்ணே?"

"எந்த ஆபீசுக்கு வேணாலும் போய்ப் பாருங்க, முடியுதா இல்லையான்னு."

---

மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மாமியார் பின்னால் இறங்கினார். யாரையும் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போய்விட்டார்.

"அம்மாவுக்கு என்னப்பா?" என்றாள் மகள்.

"எனக்கென்ன தெரியும்? கட்டைப் பிரிச்சதும் டாக்டர், 'என்ன தெரியுது, சொல்லுங்க'ன்னாரு. தெரிஞ்சதைச் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"கடிகாரத்துல நொடி முள்ளு ஓடுறது தெரியுதுன்னேன். உங்க சட்டையில ஒரு பட்டன் தொங்குதுன்னேன். அப்புறம் உங்கம்மாவைப் பார்த்தேன். 'ஏம்மா, உனக்கு எப்போ இவ்வளவு வயசாச்சு?'ன்னு கேட்டேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"ஒரு அஞ்சாறு நர்ஸுங்க இருந்தாங்க. அளந்து பார்த்து உள்ளதைச் சொல்றதுதானே என் தொழில்?"

மாப்பிள்ளையின் காதில் இது எதுவும் ஏறவில்லை. அவன் கவனமெல்லாம் மாமனாரின் கால்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதிலேயே இருந்தது. அவை கம்ப்யூட்டர் இருக்கும் பக்கம்தான் திரும்பின.

மாமனார் குனிந்து பெட்டியை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னும் உற்றுப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது இவ்வளவு மஞ்சளாவா இருந்துச்சு?"

"ஆமா மாமா. எப்பவுமே அப்படித்தான்." அந்த வாரத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அது.

சுவிட்சைப் போட்டார். க்ர்ர்ர், டிக்டிக்டிக். தண்ணீர் ஊற்றும் பூவாளியை எடுக்கத் திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றார். திரையில் கட்டம் தயாராக இருந்தது.

"அதுக்குள்ளயா வந்துடுச்சு?"

"தூசி தட்டினேன் மாமா."

"தூசி தட்டினதுக்கா இந்த வேகம்!" பக்கத்தில் போய்ப் பார்த்தார். "என்ன தெளிவு! ஒவ்வொரு காயும் தனித்தனியா தெரியுது. குதிரைக்குக் கண்ணு இருக்குன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். அந்த டாக்டர் சாதாரண ஆள் இல்ல மாப்பிள்ளை. கைராசிக்காரர்!"

மாப்பிள்ளை சுவரில் சாய்ந்துகொண்டான். அப்பாடா.

கதவு சாத்தப்பட்டது. சாயங்காலம் திறந்தது. மாமனார் காலரைத் தொடாமல் வெளியே வந்தார்.

"என்ன மாமா, மண்ணைக் கவ்விடுச்சா?"

"இல்ல மாப்பிள்ளை. இன்னிக்கு நான் கவ்விட்டேன்."

அடுத்த நாளும் கவ்வினார். அதற்கு அடுத்த நாள் வெகு சீக்கிரமாகவே கவ்விவிட்டு, கதவைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"கண்ணுக்குப் போட்ட ஊசி மூளைக்கு ஏறிடுச்சுபோல" என்று சாப்பாட்டு மேஜையில் சன்னமான குரலில் சொன்னார். "கட்டமெல்லாம் தெளிவா தெரியுது. என்ன பண்ணணும்னுதான் தெரியல."

எதிரே உட்கார்ந்திருந்த மாமியார் நிமிரவே இல்லை. "மாப்பிள்ளை, உங்க மாமனார் மாத்திரை போட்டாச்சான்னு கேளுங்க" என்றார்.

"மாமா, மாத்திரை..."

"போட்டாச்சுன்னு உங்க அத்தைகிட்ட சொல்லுங்க மாப்பிள்ளை."

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ச் சொம்புதான் இருந்தது.

---

விஷயத்தைக் கேட்டதும் ஸ்க்ரூ அண்ணன் வாயிலிருந்து ஸ்க்ரூவை எடுத்தார்.

"அடடா, இதை யோசிக்காம விட்டுட்டேனே! பழைய மெஷின் ஒரு காயை நகர்த்துறதுக்குள்ள ஏதோ கொஞ்சம் வழிதான் யோசிக்கும். புது போர்டு அதே நேரத்துக்குள்ள லட்சக்கணக்கா யோசிச்சுத் தள்ளிடும். உங்க மாமனார் இத்தனை நாளும் தெருப் பையன்கூட குஸ்தி போட்டுட்டு இருந்தாரு. நாம அந்தப் பையனை எடுத்துட்டு ஒரு யானையை நிறுத்திட்டோம்."

இதைக் கேட்டு மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. மூளை இல்லை, போர்டுதான்! "யானையைக் குறைச்சிடுங்க அண்ணே."

மறுநாள் காலையில் மாமனார் நடைப்பயிற்சிக்குப் போயிருந்த நேரத்தில் ஸ்க்ரூ அண்ணன் பழைய கேபிள் பார்க்க வந்தவர் மாதிரி வந்து, வேகத்தைக் குறைத்துவிட்டுப் போனார்.

கொஞ்சம் அதிகமாகவே குறைத்துவிட்டார். அன்று மதியம் மாமனார் ஒரு காயை நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். க்ர்ர்ர் என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நாற்காலியிலேயே தூங்கிப்போனார். எழுந்து பார்த்தார். அது இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

"அதுக்கும் வயசாயிடுச்சு மாப்பிள்ளை" என்றார். "என்னை மாதிரியே ஆயிடுச்சு."

அப்படி யோசித்து யோசித்து ஆடிய ஆட்டத்திலும் அதுதான் ஜெயித்தது.

மறுபடி ஸ்க்ரூ அண்ணன். இந்த முறை வேகத்தை நடுவில் வைத்தார். மாமனார் தோற்றார். கால்வாசியில் வைத்தார். தோற்றார். கடைசியில் ஆட்டத்துக்குள்ளேயே போய், புதிதாகக் கற்றுக்கொள்ளும் சின்னப்பிள்ளைகளுக்கு என்று இருந்த நிலைக்கு இறக்கினார்.

"இதுக்கு மேல குறைக்க இடம் இல்ல தம்பி. இதுக்குக் கீழ போகணும்னா, கம்ப்யூட்டரை ஆடாம சும்மா வேடிக்கை பார்க்கச் சொல்லணும்."

அன்றைக்கும் மாமனார் தோற்றார்.

இப்போதுதான் மாப்பிள்ளைக்கு உண்மையாகவே பயம் வந்தது. இத்தனை நாளும் தப்பு போர்டு மேல் என்று தைரியமாக இருந்தான். சின்னப்பிள்ளை ஆட்டத்திலும் தோற்கிறார் என்றால்? ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ? ஊசி நிஜமாகவே ஏறிவிட்டதோ?

மாமனார் நடைப்பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டார். யாராவது "இன்னிக்கு ஆட்டம் எப்படி?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். ஒரு நாள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஸ்கூட்டர் சாவியை அவன் கையில் வைத்தார்.

"இனிமே நான் ஓட்டறது சரியில்ல மாப்பிள்ளை. ரோட்டுல திடீர்னு எந்தப் பக்கம் திரும்பறதுன்னு குழம்பிட்டேன்னா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது மாமா."

"வீட்டு விஷயம் எதுன்னாலும் இனிமே நீங்களே முடிவெடுங்க. என்னைக் கேட்க வேண்டாம்." பிறகு மேஜை டிராயரைத் திறந்து, வேலைக்காலம் முழுக்கக் கூடவே இருந்த அளவு நாடாவை எடுத்து, அதையும் கொடுத்தார். "இதையும் வெச்சுக்குங்க. நான் அளந்தா இனி தப்பா வரும்."

அவன் அதை வாங்கிக்கொண்டு மாடிக்குக் கிளம்பினான். வெளியே மாமியார் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"என்னால தாங்க முடியல" என்றான் மனைவியிடம். "எல்லாம் நான் தூசி தட்டினதுலதான் ஆரம்பிச்சுது."

"தூசி தட்டினா கம்ப்யூட்டர் கெடும். அப்பா எப்படிங்க கெடுவாரு?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கே ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துடலாம். அதுக்கப்புறம் நீங்க உண்மையைச் சொல்லிடுங்க. அவர் பாட்டுக்குத் தன்னையே திட்டிட்டு இருக்காரு."

---

மறுநாள், வேலை செய்யும் மருந்துக்கடையில் மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மாமனாரையும் மாமியாரையும் மாப்பிள்ளையே மூளை நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். வாடகைக் காரில் முன்னால் மாமனார், பின்னால் மாமியார். ஆஸ்பத்திரி வரும்வரை ஒரு சத்தம் இல்லை.

டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். மாமனார் கிழமையோடு தேதியையும் சேர்த்துச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார். மாமனார் விறுவிறுவென்று இறங்கி, மிச்சம் எவ்வளவு என்பதையும் சொல்லி முடித்தார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்.

"ஸ்கேல் இருக்கா?" என்றார் மாமனார்.

"சும்மா கையால வரைங்க போதும்."

"கையால வரைஞ்சா அது படம். ஸ்கேல் வெச்சு வரைஞ்சாத்தான் கடிகாரம்."

டாக்டர் சிரித்தார். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"சரி, பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது யாரு?"

"என் மனைவி."

"அவங்களுக்கு என்ன வயசு?"

அதுவரை டக்டக்கென்று பதில் சொல்லிக்கொண்டிருந்த மாமனார் நின்றுவிட்டார். மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்தார். மாமியார் எதிர்ச் சுவரில் இருந்த நரம்புப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் ஒரு தடவை இருமினார்.

"முப்பத்தஞ்சு இருக்கும் டாக்டர்."

டாக்டரின் பேனா நின்றது. மாப்பிள்ளையின் நெஞ்சும் நின்றது.

"எத்தனை?"

"முப்பத்தஞ்சு. கூட்டிச் சொன்னாலும் முப்பத்தாறு."

"உங்களுக்கு மக இருக்காங்கதானே? அவங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்திரண்டு."

டாக்டர் மாப்பிள்ளையை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கவலையோடு எதையோ எழுத ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்குக் கண்ணில் நீர் முட்டியது. போச்சு. எல்லாம் போச்சு.

"க்ளுக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

மாமியார் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மாப்பிள்ளை எழுந்தான். அவர் அழவில்லை. பொத்திய கையையும் மீறிச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது.

"எழுதாதீங்க டாக்டர்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவர் மூளைக்கு ஒண்ணும் இல்ல. இன்னிக்குத்தான் வேலை செய்யவே ஆரம்பிச்சிருக்கு."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கண் ஆஸ்பத்திரியில் நடந்ததை மாமியாரே சொன்னதும் அவரும் சேர்ந்து சிரித்தார். பயப்பட ஒன்றும் இல்லை, மூளை கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, சும்மா அனுப்ப மனமில்லாமல் ஒரு சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். திரும்பும்போது மாமனாரும் மாமியாரும் காரின் பின் இருக்கையில் ஒன்றாக உட்கார்ந்துகொண்டார்கள். வழியெல்லாம் சளசளவென்று பேச்சு.

---

டாக்டரே சொல்லியாயிற்று. இனி மறைப்பதில் அர்த்தமில்லை. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை சாத்தியிருந்த கதவுக்கு வெளியே நின்று, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். 'மாமா, நீங்க தோத்ததுக்குக் காரணம் நீங்க இல்ல, நான்தான்...' வேலை முடிந்து வந்த மனைவி பக்கத்தில் நின்று, "தைரியமா சொல்லுங்க, நான் இருக்கேன்" என்றபடி அவனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

கதவு திறந்தது. மாமனார் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"மண்ணைக் கவ்விடுச்சு!"

இருவரும் அவரையே பார்த்தார்கள்.

"என்ன அப்படிப் பார்க்கிறீங்க? ராணியையே தூக்கிட்டேன்! அப்புறம் என்ன, ராஜாவைச் சுத்தி வளைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்தச் சத்து மாத்திரை இருக்கே, பிரமாதம்!"

"அப்பா!" என்று மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சின்னப்பிள்ளை ஆட்டமோ, சத்து மாத்திரையோ, டாக்டர் கொடுத்த தைரியமோ, எதுவாக இருந்தால் என்ன? மனுஷன் மீண்டு வந்துவிட்டார்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. "மாமா, அந்தக் கம்ப்யூட்டரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்..."

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லாதீங்க மாப்பிள்ளை. பாவம், அதுக்கு வயசாயிடுச்சு. அதுவும் இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சு நின்னுச்சே, அதைப் பாராட்டணும்." உள்ளே திரும்பிப் போய்ப் பெட்டியின் மண்டையில் செல்லமாகத் தட்டினார். "என் சாவி எங்க?"

அவன் ஸ்கூட்டர் சாவியையும் அளவு நாடாவையும் மாடிக்கு ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தான்.

மறுநாளும் ஜெயித்தார். அதற்கு அடுத்த நாள் மதிய ஆட்டம் முடிந்து, தேநீருக்கு முன்னால் இன்னொரு ஆட்டமும் ஆடி அதையும் ஜெயித்தார். நடைப்பயிற்சிக்குப் போனார். தெருமுனையில் நாலு பேரை நிறுத்தி வைத்துக்கொண்டு, குதிரையைக் காட்டி ராணியைப் பிடித்தது எப்படி என்று காற்றிலேயே கட்டம் போட்டு விளக்கினார்.

மாப்பிள்ளை அன்றுதான் பல நாள் கழித்து நிம்மதியாக மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். காற்று சுகமாக வீசியது. ப்ளோயரை வேலைசெய்யும் இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். இனிமேல் அது வீட்டுக்குள் வராது.

கொடியில் காயும் துணிகளை எடுக்க மாமியார் மேலே வந்தார். துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, அந்தப் பெட்டிக்குள்ள நீங்க என்னவோ மாத்தியிருக்கீங்க."

அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். "அத்தை... மாமாகிட்ட மட்டும்..."

"நான் ஏன் சொல்லப் போறேன்? உட்காருங்க. நீங்க மாத்தினது நல்லதுதான். அது இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமா ஆடுற மாதிரி பண்ண முடியுமா?"

"எதுக்கு அத்தை? மாமா மறுபடி தோத்துட்டாருன்னா?"

மாமியார் படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் தோத்தது நான் பேசாம இருந்த நாள்ல மட்டும்தானே மாப்பிள்ளை? இத்தனை வருஷமா எந்தக் காயை எங்க வைக்கணும்னு பின்னாடி உட்கார்ந்து சொல்லிட்டு இருக்கிறது நான்தான், எனக்கு இந்தச் சின்னப்பிள்ளை ஆட்டம் ரொம்பப் போரடிக்குது."